கப்புச்சினோ, லாட்டே, ஃபிளாட் வைட்: கோப்பைக்குள் இருக்கும் கணக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலும் மரைன் டிரைவிலும் கோப்பிக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்திருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் அந்த வேகம் இல்லை. ஆனாலும் அங்கு பேக்கரியும் ஜூஸ் கடையும் வைத்திருப்பவர்கள் "ஒரு கோப்பி மெஷின் போட்டால் என்ன?" என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் வியாபார நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வியோ வேறு. "பலகையில் பத்துப் பன்னிரண்டு பெயர் எழுதிப் போட்டிருக்கிறார்கள். வாங்கிக் குடித்துப் பார்த்தால் எல்லாமே பால் கோப்பிதான். இதில் என்ன வித்தியாசம்? எதற்கு இத்தனை விலை?"

நியாயமான கேள்விதான். வாடிக்கையாளராக இருந்தால் இதற்குப் பதில் தெரியாமலே காலத்தை ஓட்டலாம். கடை போடப் போகிறவருக்கு அது சரிவராது. ஏனென்றால் இந்தப் பெயர்களுக்கிடையிலான வித்தியாசம் ருசியில் மட்டுமல்ல, கிரயத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எவ்வளவு கோப்பி, எவ்வளவு பால், எவ்வளவு நுரை என்று தெரியாமல் விலை போடுபவர் எந்தக் கோப்பையில் உழைக்கிறார், எந்தக் கோப்பையில் இழக்கிறார் என்பதை அறியமாட்டார்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். இந்தப் பானங்கள் அனைத்துக்கும் அத்திவாரம் எஸ்பிரஸோ. மிக நைசாக அரைத்த கோப்பித் தூளை ஒரு கைபிடிக் கிண்ணத்தில் அமுக்கி, ஏறத்தாழ 9 பார் அமுக்கத்தில், அதாவது வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஒன்பது மடங்கில், சுடுநீரைச் செலுத்தி 25 முதல் 30 செக்கனுக்குள் எடுக்கும் சாறு அது. ஒற்றை அளவுக்கு 7 முதல் 9 கிராம் தூள் போட்டால் 25 முதல் 30 மில்லிலீற்றர் வரும். இரட்டை அளவுக்கு 18 கிராம் தூள் என்பது இன்று பல கடைகளில் பழக்கம். மேலே பொன்னிறமாக ஒரு மெல்லிய ஆடை படரும். அதைக் கிரேமா என்பார்கள்.

இத்தாலியின் மிலான் நகரில் லூய்ஜி பெஸேரா என்பவர் 1901 இல் ஆவியால் இயங்கும் கோப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்து இயந்திரங்களில் அமுக்கம் குறைவு, கிரேமா கிடையாது. 1948 இல் அக்கில்லே காஜியாவின் நெம்புகோல் இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகுதான் இன்று நாம் காணும் எஸ்பிரஸோ பிறந்தது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். அலுவலகங்களில் பொத்தானை அமுக்கினால் நுரையோடு வரும் உடனடிக் கோப்பி எஸ்பிரஸோ அல்ல. இந்தியாவில் கல்யாண வீடுகளிலும் ரயில் நிலையங்களிலும் உடனடிக் கோப்பித் தூளையும் பாலையும் ஆவிக் குழாயில் கொதிக்க விட்டு, மேலே கொஞ்சம் சொக்லட் தூள் தூவி, 'எஸ்பிரஸோ' என்று கொடுப்பது நீண்ட காலப் பழக்கம். அது ருசியான பானம்தான். ஆனால் பெயர் மட்டுமே ஒன்று, பொருள் வேறு. அதுபோல சைவக் கடைகளின் பில்டர் கோப்பியில் சுடுநீர் தன் பாரத்தால் மெதுவாக இறங்கி டிகொஷன் ஆகிறது. அங்கு அமுக்கம் இல்லை. டிகொஷனில் பாலைக் கலப்பதும் எஸ்பிரஸோவில் பாலைக் கலப்பதும் சகோதர முறையான தொழில்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சரி, எஸ்பிரஸோ ஒன்று கையில் இருக்கிறது. இனி எல்லாம் பாலின் விளையாட்டு.

கொஞ்சமாகப் பாலைத் தொட்டுவிட்டால் அது மக்கியாட்டோ. இத்தாலிய மொழியில் 'கறை பட்டது' என்று பொருள். ஒற்றை எஸ்பிரஸோவின் மேல் ஒன்றிரண்டு தேக்கரண்டி நுரை, அவ்வளவுதான். நமது ஆட்களிடம் இதைக் கொடுத்தால் "மீதி எங்கே?" என்று கேட்பார்கள். கோப்பியும் பாலும் சரிக்குச் சரி என்றால் கோர்டாடோ. இது ஸ்பெயின் நாட்டுச் சொல், 'வெட்டியது' என்று அர்த்தம். கோப்பியின் காரத்தைப் பால் வெட்டுகிறது. இவை இரண்டும் சிறிய கோப்பையில் வருபவை. கொழும்பில் கேட்டு வருபவர் குறைவு, ஆகவே அதிகம் பேசத் தேவையில்லை.

உங்கள் வியாபாரத்தில் பெரும்பகுதி கப்புச்சினோ, ஃபிளாட் வைட், லாட்டே ஆகிய மூன்றிலும்தான் நடக்கும். இவற்றைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கப்புச்சினோவின் பெயர் கபுச்சின் கிறிஸ்தவத் துறவிகளின் கபில நிற அங்கியிலிருந்து வந்தது. அதற்கு முன்பே வியன்னாவில் 'கபுசீனர்' என்று ஒரு பால் கோப்பி இருந்தது. இத்தாலியில் எஸ்பிரஸோவின் தரத்துக்கென இயங்கும் தேசிய நிறுவனம் ஒன்று கப்புச்சினோவுக்கு அளவே வகுத்து வைத்திருக்கிறது. 25 மில்லிலீற்றர் எஸ்பிரஸோ. குளிர்ந்த பால் 100 மில்லிலீற்றர், அதை ஆவியில் நுரைக்க வைத்து 125 மில்லிலீற்றராகப் பெருக்க வேண்டும். சூடு 55 பாகை செல்சியஸ் அளவில். கோப்பை 150 முதல் 160 மில்லிலீற்றர் கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை ஒரு வியாபாரியின் கண்ணால் பாருங்கள். 100 ஆகச் சென்ற பால் 125 ஆகத் திரும்புகிறது. கூடிய கால் பங்கு வெறும் காற்று. கப்புச்சினோவில் காற்று ஏமாற்று அல்ல, அது அந்தப் பானத்தின் பாகம். தடித்த நுரை உதட்டில் படவேண்டும் என்பதற்காகவே அதைக் கேட்கிறார்கள்.

லாட்டே என்றால் இத்தாலிய மொழியில் வெறும் பால். இத்தாலியில் போய் "லாட்டே ஒன்று" என்று கேட்டால் ஒரு கிளாஸ் பாலைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. முழுப் பெயர் கஃபே லாட்டே. ஒரு எஸ்பிரஸோவுக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் சூடான பால், மேலே ஒரு விரல் அகலத்துக்கும் குறைந்த மெல்லிய நுரை. 240 முதல் 350 மில்லிலீற்றர் வரையிலான கிளாஸில் வரும். மூன்றிலும் மென்மையானது. பால் தேநீருக்குப் பழகிய நமது நாக்குக்கு இதுதான் முதலில் பிடிக்கும். இதையே தலைகீழாக, முதலில் பாலை ஊற்றி, அதன் மேல் எஸ்பிரஸோவை மெதுவாக விட்டால் அடுக்கடுக்காகத் தெரியும். அது லாட்டே மக்கியாட்டோ. பொருள் ஒன்றுதான், பார்வைக்கு அழகு.

ஃபிளாட் வைட் கடைசியாக வந்தவர். 1980களில் பிறந்தது. அவுஸ்திரேலியாவிலா நியூஸிலாந்திலா என்று இரு நாட்டாரும் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு லண்டனுக்குப் போனது. அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் தனது நாட்டுக் கிளைகளில் இதை அறிமுகப்படுத்தியது 2015 ஜனவரியில்தான். கோப்பை கப்புச்சினோவின் அளவுதான், 150 முதல் 180 மில்லிலீற்றர். ஆனால் உள்ளே போவது பெரும்பாலும் இரட்டை எஸ்பிரஸோ. தடித்த நுரை கிடையாது. பால் முழுவதும் குமிழி தெரியாத, பெயின்ட் போலப் பளபளக்கும் பதத்தில் இருக்கும். 'ஃபிளாட்' என்ற பெயர் அதனால்தான்.

வெள்ளவத்தை வியாபாரிகள் இந்தக் கடைசிப் பானத்தை விசேடமாகக் கவனிக்க வேண்டும். யூலை, ஓகஸ்ட் விடுமுறையிலும் டிசம்பரிலும் மெல்பேர்னிலிருந்தும் சிட்னியிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து தங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் கேட்பது இதைத்தான். அவர்களுக்கு அளவு தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவரின் கடையில் ஃபிளாட் வைட் என்று கேட்டவருக்கு லாட்டேக்குப் போட்ட அதே கலவையைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வந்தவர் சண்டை பிடிக்கவில்லை, காசையும் கொடுத்தார். மறுநாள் தன் ஆட்களோடு பக்கத்துக் கடையில் இருந்தார்.

இன்னும் ஒன்று, மொக்கா. லாட்டேயில் சொக்லட் சேர்த்தால் மொக்கா. பெயர் யெமன் நாட்டின் முகா துறைமுகத்துடையது. பதினைந்தாம் நூற்றாண்டில் யெமனின் சூபிகள் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்கக் கஹ்வா அருந்தினார்கள். பின்னர் நீண்ட காலம் உலகத்துக்குக் கோப்பி ஏற்றுமதியானது அந்தத் துறைமுகத்தின் வழியாகவே. அரபு வணிகர்கள் கட்டியெழுப்பிய அந்தச் சந்தையின் பெயர் இன்று சொக்லட் பானம் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமும் சும்மா இருந்தவர்கள் அல்லர். 1869 இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்படும் வரை இந்தத் தீவு தேயிலைத் தீவாக அல்ல, கோப்பித் தீவாகவே உலகத்துக்குத் தெரிந்திருந்தது.

விலையைப் போடுவதற்கு முன்

இப்போது பேனையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நான் எடுக்கும் விலைகள் சந்தை விலைகள் அல்ல. கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் கொள்வனவு விலையைப் போட்டு நீங்களே மறுபடி செய்து பாருங்கள்.

வறுத்த கோப்பிக் கொட்டை கிலோ 7,000 ரூபா என்று வைப்போம். 18 கிராம் வீதம் போட்டால் கிலோவுக்கு 55 இரட்டை எஸ்பிரஸோ. காலையில் அரைப்பைச் சரிபார்க்கும்போது வீணாவது, கொட்டுவது, பிழைப்பது எல்லாம் கழித்து 50 என்று பிடியுங்கள். இரட்டை 140 ரூபா, ஒற்றை 70 ரூபா. பால் லீற்றர் 500 ரூபா என்றால் 100 மில்லிலீற்றர் 50 ரூபா.

கப்புச்சினோ: ஒற்றை எஸ்பிரஸோ 70, பால் 100 மில்லிலீற்றருக்கு 50. மொத்தம் 120 ரூபா. லாட்டே 300 மில்லிலீற்றர் கிளாஸில்: ஒற்றை எஸ்பிரஸோ 70, பால் 220 மில்லிலீற்றருக்கு 110. மொத்தம் 180 ரூபா. ஃபிளாட் வைட்: இரட்டை எஸ்பிரஸோ 140, பால் 110 மில்லிலீற்றருக்கு 55. மொத்தம் 195 ரூபா.

நன்றாகக் கவனியுங்கள். மூன்றிலும் கிரயம் கூடியது சின்னக் கோப்பையில் போகும் ஃபிளாட் வைட். நமது வியாபாரப் பழக்கத்தில் சின்னக் கோப்பைக்குக் குறைந்த விலை, பெரிய கிளாஸுக்குக் கூடிய விலை. பிளேன்டீயிலும் பால் தேநீரிலும் அது சரி. இங்கு அப்படிப் போட்டால் விற்க விற்க இலாபம் மெலியும். மறுபக்கம், கப்புச்சினோவையும் லாட்டேயையும் ஒரே விலைக்கு விற்கும் கடைகளும் உண்டு. அவர்களுக்கு ஒவ்வொரு லாட்டேயிலும் கப்புச்சினோவை விட 60 ரூபா குறைவாகக் கிடைக்கிறது. தெரிந்தே செய்தால் பரவாயில்லை, பலர் தெரியாமல் செய்கிறார்கள்.

பெரிய கடதாசிக் கப் வேறொரு பொறி. 8 அவுன்ஸ் கப் ஏறத்தாழ 237 மில்லிலீற்றர் கொள்ளும். 12 அவுன்ஸ் கப் 355 மில்லிலீற்றர். பெரிய கப்பில் ஒற்றை எஸ்பிரஸோ போட்டுப் பாலை நிரப்பினால் கோப்பி மணக்காது, "பச்சைப் பால் மாதிரி இருக்கு" என்று முறைப்பாடு வரும். வேலைக்கு நிற்கும் பையன் நல்ல மனதோடு இரட்டையாகப் போட்டு விடுவான். அப்போது 140 ரூபாவுக்குக் கோப்பி, 270 மில்லிலீற்றர் பாலுக்கு 135 ரூபா, ஆக 275 ரூபா உள்ளே போய்விடும். பெரிய கப் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே இரட்டையாகக் கணக்குப் போட்டு விலையை எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையில் தேநீர்க் கடை நடத்தும் ஒரு முதலாளி இந்த வருடம் என்னிடம் வந்தார். மகன் டுபாயில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். இரண்டு தலை கொண்ட புதிய மெஷின் ஒன்றை லீசிங்கில் எடுக்க வேண்டும் என்று நிற்கிறான். "வாப்பா, தேத்தண்ணியில நாலு ரூபா, கோப்பியில நூறு ரூபா" என்பது அவனுடைய வாதம். வாப்பாவுக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. "நானா, ஒரு நாளைக்கு எத்தின கப் வித்தா எனக்குத் தலை தப்பும்? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். தவணைப் பணம், மின்சாரக் கட்டணத்தில் கூடும் பங்கு, ஒரு ஆளின் சம்பளம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 150,000 ரூபா என்று வைத்தோம். சராசரியாக ஒரு கப் 450 ரூபாவுக்கு விற்று, கோப்பி, பால், கப், சீனி எல்லாவற்றுக்கும் 200 ரூபா போனால் கையில் நிற்பது 250. மாதம் 600 கப் விற்றால் செலவும் வரவும் சமன். நாளுக்கு 20 கப். அதன் பிறகு வருவதுதான் இலாபம்.

இனி அளவில்லாமல் ஊற்றும் கடையைப் பாருங்கள். ஜக்கில் கூடுதலாகப் பால் காய்ச்சி மீதியைக் கொட்டுவது, ஒற்றைக்குப் பதில் இரட்டை போடுவது என்று கப் ஒன்றுக்கு 60 ரூபா கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். கையில் நிற்பது 190. இப்போது மாதம் 790 கப் விற்க வேண்டும், நாளுக்கு 26க்கு மேல். அந்த ஆறு கப்புக்கும் ஆறு புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டும். தராசும் அளவு ஜக்கும் வாங்கி வைத்தால் அந்த ஆறு பேரைத் தேடும் வேலை மிச்சம்.

பால், பால்மா, சூடு

எஸ்பிரஸோவுக்கு மெஷின் வேண்டும். பாலுக்குக் கை வேண்டும். நமது தேநீர்க் கடைகளில் ஒரு குவளையிலிருந்து மற்றக் குவளைக்கு உயரத்திலிருந்து ஆற்றும்போது நுரை வருகிறதல்லவா? அதுவும் பாலில் காற்றைச் சேர்ப்பதுதான். ஆனால் அங்கே குமிழிகள் பெரியவை, சீக்கிரம் உடைந்துவிடும். ஆவிக் குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து, முதல் சில செக்கன்களில் மட்டும் காற்றை உள்ளே எடுத்து, பிறகு குழாயை ஆழத்தில் இறக்கிப் பாலைச் சுழல விட்டால் பெரிய குமிழிகள் உடைந்து கண்ணுக்குத் தெரியாத நுரையாகும். காற்றை அதிகநேரம் எடுத்தால் கப்புச்சினோ, கொஞ்சமாக எடுத்தால் லாட்டே, அதிலும் குறைவாக எடுத்தால் ஃபிளாட் வைட். ஒரே மெஷின், ஒரே பால், வேறுபடுவது காற்று எடுக்கும் அந்தச் சில செக்கன்களே.

பாலில் உள்ள புரதம்தான் நுரையைப் பிடித்து நிறுத்துகிறது. கொழுப்பு அதற்கு வழுவழுப்பைக் கொடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த, 4 பாகை அளவில் குளிர்ந்த பாலில் தொடங்கினால் சுழற்றுவதற்கு நேரம் கிடைக்கும். 60 முதல் 65 பாகையில் நிறுத்த வேண்டும். 70ஐத் தாண்டினால் இயற்கையான இனிப்பு மங்கி, காய்ச்சிய பாலின் வாடை வரும், நுரையும் தளரும்.

இங்கேதான் நமது ஊரில் ஒரு சிக்கல். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடித்துப் பழகியவர்களுக்கு 60 பாகைப் பால் கோப்பி ஆறிப்போனதாகத் தெரியும். "சூடு காணாது" என்று திருப்பி அனுப்புவார்கள். பல கடைகளில் இதற்காகப் பாலைக் கொதிக்க விடுகிறார்கள். பிறகு கப்புச்சினோவுக்கும் அலுவலக மெஷின் கோப்பிக்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. கோப்பையைச் சுடுநீரில் கழுவிச் சூடாக்கி வையுங்கள், பாலை 65ஐ ஒட்டி நிறுத்துங்கள், போட்ட உடனே மேசைக்கு அனுப்புங்கள். அப்படியும் கேட்பவருக்கு இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் கொடுங்கள். காசு கொடுப்பவர் அவர், விவாதம் வேண்டாம்.

ஒரு முறை ஆவியில் காய்ச்சிய பாலை மறுபடி காய்ச்ச வேண்டாம். நுரை எழும்பாது, சுகாதாரத்துக்கும் நல்லதல்ல. பானையில் பாலைக் காலையில் வைத்து இரவு வரை சூடாக்கிக்கொண்டே இருப்பது நமது தேநீர்க் கடைப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. ஆவிக் குழாயை ஒவ்வொரு தடவையும் ஈரத் துணியால் துடைத்து, ஒரு செக்கன் ஆவியைத் திறந்துவிட வேண்டும். காய்ந்த பால் ஒட்டிய குழாயைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பதற்கு முன் வாடிக்கையாளர் பார்த்துவிடுவார்.

பால்மாவைக் கரைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். நுரைக்க வைக்கலாம், கட்டி இல்லாமல் கரைத்துக் குளிர வைத்தால். ஆனால் பால்மாவின் வாடை எஸ்பிரஸோவோடு ஒட்டாது. நல்ல விலை கொடுத்து வாங்குபவர் அதைக் கண்டுகொள்வார். கடதாசிப் பெட்டியில் வரும் யூ.எச்.டி. முழுப்பால் பாதுகாப்பானது, எப்போதும் ஒரே மாதிரி நுரைக்கும். பண்ணைப் பால் வாங்குபவர்கள் நாளுக்கு நாள் வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டும். புளிக்கத் தொடங்கிய, அல்லது வெயிலில் அலைந்து வந்த பால் வாசனையில் பிடிபடாவிட்டாலும் நுரையில் பிடிபடும்.

பால் விலை என்பது இந்த நாட்டில் சும்மா பேச்சல்ல. டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் பால்மா இல்லாமல் பல ஹோட்டல்களில் பால் தேநீரே நின்றுபோனது நினைவிருக்கும். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பக்கற் 790 ரூபாவுக்கு ஏறியது, பால் தேநீர் ஒன்று 100 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. லாட்டேயை மட்டும் நம்பிக் கடை நடத்துபவர் உண்மையில் பால் வியாபாரம் செய்கிறார். பால் லீற்றருக்கு 100 ரூபா கூடினால் எனது கணக்கில் லாட்டேக்கு 22 ரூபா கூடும், ஃபிளாட் வைட்டுக்கு 11 ரூபாதான். கோப்பி விலை ஏறினால் நிலைமை மறுபக்கம் திரும்பும். பலகையில் இரண்டு விதமும் இருப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகப் பன்னிரண்டு பெயர் வேண்டாம். கப்புச்சினோ, ஃபிளாட் வைட், லாட்டே, குளிராகக் கேட்பவர்களுக்கு ஐஸ் லாட்டே. நாலு போதும். ஐஸ் லாட்டேக்குப் பாலை நுரைக்க வேண்டியதில்லை, ஐஸ் இடத்தைப் பிடிப்பதால் பாலும் 130 மில்லிலீற்றர் அளவில் முடியும். ஆனால் ஐஸ் கரையக் கரையக் கோப்பி மெலிந்துபோகும் என்பதால் இரட்டை எஸ்பிரஸோ போட வேண்டும். இதைக் கல்யாண வீட்டு ஐஸ் கோப்பியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டின்பாலும் சீனியும் வெனிலாவும் போட்ட அந்தப் பானத்தை எதிர்பார்த்து வருபவருக்கு ஐஸ் லாட்டே கசக்கும். முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்துப் பெயர்களைக் கொப்பி அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரிஷ் கோப்பி என்பது விஸ்கி கலந்த பானம். அந்தப் பெயரே நமது கடையில் வேண்டாம். வாசனைச் சிரப் போத்தல்கள் வாங்கும்போதும் லேபலை வாசித்து, வினியோகஸ்தரிடம் ஹலால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

மெஷின் வாங்குவது பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சுருக்கமாக மட்டும் சொல்கிறேன். அரைக்கும் இயந்திரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மெஷின் எவ்வளவு விலையானாலும் தூள் சீராக அரைபடாவிட்டால் எஸ்பிரஸோ ஒருநாள் புளிக்கும், ஒருநாள் கசக்கும். இரண்டு தலை மெஷின்கள் பல 3 முதல் 4 கிலோவாட் வரை மின்சாரம் இழுப்பவை. பழைய கட்டடங்களில் உள்ள வயரிங் தாங்குமா என்று மின்தொழிலாளியை வைத்துப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள். பாவித்த மெஷின் என்றால் விற்பவர் முன்னால் பத்துக் கோப்பை தொடர்ச்சியாகப் போட்டுப் பாருங்கள். ஆவி எப்போது இளைக்கிறது என்று அப்போது தெரியும்.

கொட்டாஞ்சேனை முதலாளி கடைசியில் லீசிங் எடுக்கவில்லை. பாவித்த ஒற்றைத் தலை மெஷின் ஒன்றும் நல்லதொரு அரைக்கும் இயந்திரமும் காசுக்கு வாங்கி, தேநீர் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். நாள் ஒன்றுக்கு 14, 15 கப் போகிறது என்கிறார். தவணை இல்லை, சம்பளத்துக்கு ஆள் இல்லை, மகன்தான் நிற்கிறான். ஆகவே அவருக்கு அது போதும். பலகையில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் மில்லிலீற்றர் அளவைப் போடச் சொன்னேன், போட்டிருக்கிறார்கள். மகன் தன் பங்குக்கு லாட்டேக்குக் கீழே 'பால் கூடியது', ஃபிளாட் வைட்டுக்குக் கீழே 'கோப்பி கூடியது' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறான். பழைய வாடிக்கையாளர்கள் இப்போது இத்தாலியப் பெயரைத் தேடிக் கஷ்டப்படுவதில்லையாம். "தம்பி, பால் கூடினது ஒண்டு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரிக்கிறார்கள்.